தாசனேரியின் காலிக் கட்டங்கள்

2008 ஜனவரி 6, ஞாயிறு

மூடுபனி. காலை ஆறரைக்குத் தாசனேரிக் கரையில் நின்றபோது எதிர்க்கரை இல்லை. ஏழே காலுக்கு அத்திப்பள்ளிப் பக்கத்துப் புகைபோக்கி முதலில் தெரிந்தது. பிறகு தண்ணீர்.

கொண்டுபோனவை: பைனாகுலர், பென்சில் இரண்டு, படிவம், குரங்குக் குல்லாய், பிளாஸ்க். மறந்தது: கைக்குட்டை.

வருடாந்தர நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, எனக்குப் பன்னிரண்டாவது. மதகில் தொடங்கி ஐந்து இடங்கள், இடத்துக்குப் பதினைந்து நிமிடம்.

முக்குளிப்பான் – 11
நாமக்கோழி – 63 (மறுமுறை எண்ணியபோது 66. குறைந்ததை எழுதினேன்)
நீலத் தாழைக்கோழி – 9
புள்ளிமூக்கு வாத்து – 4
நீளவால் இலைக்கோழி –

கடைசிக் கட்டம் காலி. ஐந்து இடங்களிலும் தேடினேன். கிழக்குப் பாதி முழுக்க ஆகாயத்தாமரை. அதற்குள் ஒன்று நின்றிருந்தால் என் கண்ணுக்கு எப்படித் தெரியும்? தெரியாததை எழுதுவதில்லை.

ஏரியில் மீன் குத்தகை எடுத்திருக்கும் எல்லப்பா, கவிழ்த்த பரிசல் மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், எல்லாத்துக்கும் ஹாஜர் எடுத்தாச்சா? யாரு யாரு லீவு?"

இலைக்கோழி கண்ணில் பட்டதா என்று கேட்டேன்.

"எல மேல நடக்குமே, அதுவா? கரைலேந்து நான் அதப் பாத்து வருசக்கணக்கா ஆவுது. எல முக்காவாசி போய்ட்ச்சி, அது இன்னாத்து மேல நடக்கும்?"

வீட்டுக்கு வந்தபோது ஒன்பதரை. கோமதி உப்புமா எடுத்து வைத்திருந்தாள். ஆறிப்போனது. மூக்கு ஒழுகுகிறது.


ஜன. 7, திங்கள்

பனி குறைவு. மின்கட்டணம் கட்டப் போகவில்லை.

பெங்களூரு ஆய்வு நிறுவனத்திலிருந்து தடித்த உறை. நாட்டின் பல்லுயிர் நிலை பற்றிய அறிக்கை அச்சுக்குப் போகிறதாம். அதில் நீர்நிலைகள் பற்றிய அத்தியாயத்தின் வரைவு. தாசனேரிக்கு அரைப் பக்கம். கீழே சிறிய எழுத்தில் என் பெயர். இரண்டு முறை பார்த்தேன், எழுத்துப்பிழை இல்லை. கோமதிக்குக் காட்டினேன்.

"ஏங்க, கண்ணாடி போட்டாத்தான் தெரியும்போல இருக்கே. கொஞ்சம் பெரிசாப் போட்டா என்னவாம்" என்றாள். ஆனால் உறையை அலமாரியில் எடுத்து வைக்கப் போனாள். வேண்டாம், படிக்க வேண்டும் என்றேன்.

முன்னுரை எனக்குப் பிடித்தது. நாட்டின் எல்லா உயிரையும் எண்ண முடியாது. சிலவற்றை மட்டும் ஒரே இடத்தில், ஒரே முறையில், வருடந்தோறும் எண்ணி, அந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டு மீதியைக் கணிப்பது. சுட்டிகள் என்கிறார்கள். நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரு பெட்டி அச்சாணியில் ஐந்தை எடுத்து அளந்து பெட்டியை அனுப்புவோம், அதேதான்.

பிறகு வரைபடம். ஐந்து பறவைகள், ஐந்து கோடுகள். நான்கு கோடுகள் ஏறி இறங்குகின்றன. நீளவால் இலைக்கோழியின் கோடு 1997இல் புறப்பட்டு 2007 வரை மேசை விளிம்பு போல நேராகப் போகிறது.

2000க்குப் பிறகு நான் அந்தப் பறவையைப் பார்க்கவே இல்லை.

நான்தான் தவறாகப் படிக்கிறேனோ? மறுபடி பார்த்தேன். மதியம் தூங்கி எழுந்து மறுபடி பார்த்தேன். கோடு நேராகத்தான் இருக்கிறது.


ஜன. 8, செவ்வாய்

குளிர். வீட்டு ஃபோனில் பேசினால் கோமதி காதில் விழும் என்று முனையிலுள்ள பூத்துக்குப் போனேன். ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை.

நிறுவனத்தில் வித்யா. கோயம்புத்தூர்ப் பெண், முனைவர். தரவுகளைத் தொகுப்பவர். குரலில் எப்போதும் ஒரு பொறுமை.

இலைக்கோழிக் கோடு எப்படி வந்தது என்று கேட்டேன்.

"2001லிருந்து நீங்க காலியா விட்டிருக்கீங்க சார். காலின்னா அந்த வருசம் எண்ணலைன்னு அர்த்தமுங்க. எண்ணாத வருசத்துக்கு, முன்னாடி எண்ணினதோட சராசரிய வச்சுக் கம்ப்யூட்டரே நிரப்பிக்குமுங்க."

"நான் எண்ணினேனே."

"அப்புறம் ஏனுங்க சார் காலி?"

"பார்க்கவில்லை. அதனால் காலி."

பூத்துக்காரர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், படிவத்தோட பின்பக்கம் இருக்குதுங்களே. தேடியும் காணலைன்னா பூஜ்யம் போடணும், எண்ணப் போகவே இல்லைன்னாத்தான் காலியா விடணும்னு."

என் படிவத்துக்குப் பின்பக்கம் கிடையாது. முதல் வருடம் வந்த படிவத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நகல் எடுத்தேன், ஐம்பது. முன்பக்கம் மட்டும். வருடத்துக்கு வருடம் படிவம் மாறிவிடக் கூடாது, ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக. மூலப் படிவத்தின் பின்பக்கத்தைப் படித்திருப்பேன். படிக்காமல் இருக்க மாட்டேன். படித்த நினைவில்லை.

வெற்றிலைக்கடை வாசலில் சிறிது நேரம் நின்றேன்.


ஜன. 9, புதன்

தகரப் பெட்டியைத் திறந்து பழைய பாக்கெட் நோட்டுகளை வெளியே எடுத்தேன். பதினொன்று. தூசி, தும்மல்.

இலைக்கோழி:
1997 – 34
1998 – 31
1999 – 36
2000 – 29
2001 – "கிழக்கு, பனி" என்று மட்டும்
2002 – "தேடினேன். இல்லை"
2003 – அதே
2004 – ஒன்றும் எழுதவில்லை
2005, 2006, 2007 – "தேடினேன். இல்லை"

நோட்டில் எழுதியிருக்கிறேன். படிவத்தில் எழுதவில்லை. ஒரே கை, ஒரே பென்சில். ஏன்?

யோசித்துப் பார்த்ததில்: பழக்கம். இருபது வருடம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஆய்வாளர். அளவில் சந்தேகம் வந்தால் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். அடுத்த ஷிஃப்ட் ஆய்வாளர் அதே உருப்படியை எடுத்து மறுபடி அளந்து நிரப்புவார். சந்தேகத்தோடு எண்ணை எழுதுபவனைவிட காலியாக விடுபவன் நல்ல ஆய்வாளன் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நானும் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன்.

ஏரிக்கு அடுத்த ஷிஃப்ட் இல்லை. கம்ப்யூட்டர் வந்து நிரப்பியிருக்கிறது.

என்னால் பார்க்க முடியவில்லை என்பதற்காக இல்லை என்று எழுதலாமா என்று தயங்கினேன். அடக்கம் என்று நினைத்திருந்தேன். அந்த அடக்கம் ஏழு வருடம் இல்லாத பறவைகளை ஏரியில் மேய விட்டிருக்கிறது.

கோமதி: "என்ன, மொகம் இப்படி இருக்கு? யாரும் ஏசினாகளா?"

இல்லை என்றேன். இன்னும் யாரும் ஏசவில்லை.


ஜன. 10, வியாழன்

வெயில் நன்று. தலைக்கு எண்ணெய்.

காலை பதினொரு மணிக்கு எல்லப்பா வீட்டுக்கே வந்துவிட்டார். இதுவரை வந்ததில்லை. செருப்பைத் தெருவிலேயே விட்டு, உள்ளே வராமல், வாசலில் நின்று ஒரு தாளை நீட்டினார்.

"சார், இது கொஞ்சம் படிச்சி சொல்லுங்க. கரை மேல ஒட்டிட்டு போனாங்க. நான் பிச்சினு வந்துட்டேன்."

அறிவிப்பு. ஜூஜுவாடி மாநில எல்லையில் லாரிகள் நெரிசல், ஆகவே தாசனேரியின் கிழக்குப் பாதியை மண் கொட்டி நிரப்பி லாரி நிறுத்துமிடம். 18ஆம் தேதி ஓசூரில் கருத்துக் கேட்புக் கூட்டம். கூடவே ஆலோசகர் தந்த சுருக்கம், நான்கு பத்தி. மூன்றாவது பத்தியை மட்டும் இரண்டு முறை படித்தேன். கோமதி தண்ணீர் கொண்டுவந்தாள்.

சாரம்: பறவைகள் மேற்குப் பாதியைத்தான் பயன்படுத்துகின்றன. பெங்களூரு நிறுவனத்தின் சென்ற வருட இடைக்கால அறிக்கைப்படி, நீர்த்தாவரங்களை நம்பி வாழும் நீளவால் இலைக்கோழியே பத்து வருடமாக எண்ணிக்கை குறையாமல் இருக்கிறது. கிழக்கில் ஆகாயத்தாமரை மூடிய பிறகும் குறையவில்லை. ஆக, கிழக்கு இல்லாவிட்டாலும் பாதிப்பில்லை.

என் கோடு. என் காலிக் கட்டங்கள்.

எல்லப்பா கேட்டார்: "பறவ குறையலன்னு எவன் எழுதிக் குடுத்தான் சார் அவங்களுக்கு? கண்ணு இருக்குதா இல்லியா அவனுக்கு?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். "விசாரிக்கிறேன்" என்றேன்.

அவருக்கு வீட்டிலிருந்து ஃபோன். "பர்த்தினி, பர்த்தினி" என்று, வருகிறேன் என்பதைக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே போனார். தாளை என்னிடமே விட்டுவிட்டார். அவருடைய வலை முழுக்கக் கிழக்கில்தான்.


ஜன. 12, சனி

இரண்டு நாளாக வெளியே போகவில்லை.

நிறுவனத்துக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் மன்னிப்பு அதிகம். இரண்டாவதில் காரணம் அதிகம். மூன்றாவதில் படிவத்தின் பின்பக்கத்தைக் குறை சொல்லியிருந்தேன். எனக்கே கேவலமாக இருந்தது.

வித்யாவே வீட்டு ஃபோனுக்குக் கூப்பிட்டார். அத்தியாயம் அச்சகத்துக்கு 17ஆம் தேதி போகிறது. திருத்தம் என்றால் கையெழுத்திட்ட அறிக்கையும் நோட்டுகளின் நகலும் வேண்டும்.

"இன்னொண்ணு சொல்லோணுங்க சார். ஒரே ஆள் எண்ணின ஏரி, அவரே தப்புன்னு சொல்றாருன்னா, அந்த ஏரியையே எடுத்துப்போடலாம்னு எங்க இயக்குநர் நெனைக்கறாருங்க."

எடுத்துவிட்டால் புதிய அறிக்கையில் தாசனேரியே இருக்காது. 18ஆம் தேதி மேசை மேல் பழைய இடைக்கால அறிக்கை மட்டும் இருக்கும். நேர்க்கோடு. நான் வாயைத் திறந்தாலும் கெடுதி, திறக்காவிட்டாலும் கெடுதி.

"ஏழு வருசமும் தேடினீங்க, இல்ல. அவ்ளோதானுங்களே சார்? அப்படித் தெளிவா இருந்தா நான் அவருகிட்டப் பேசிப் பாக்கறேன்."

ஏழு இல்லை. ஐந்துதான். 2001, 2004 இரண்டும் எனக்கே தெரியாது. 2001இல் பனி விலகியதா, கிழக்கைப் பார்த்தேனா? 2004இல் எனக்கு இடது கண்ணில் புரை. போனேன் என்பது மட்டும் நினைவு.

"நாளை சொல்கிறேன்" என்றேன். நாளை ஞாயிறு என்று அவர் சொல்லவில்லை.

ஏழும் பூஜ்யம் என்று எழுதிவிட்டால் கோடு சுத்தமாக விழும். யாருக்குத் தெரியும்? அநேகமாக உண்மையாகவும் இருக்கும். அநேகமாக.


ஜன. 14, திங்கள், போகி

தெருவெல்லாம் டயர்ப் புகை. கண் எரிச்சல். கோமதி பழைய பாய் இரண்டை வெளியே போட்டாள். நோட்டுகளையும் போட்டுவிடுவாளோ என்று பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

மாலை நான்கு மணிக்கு ஏரிக்குப் போய் எல்லப்பாவிடம் சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் வலையில் முடிச்சுப் பிரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"அப்ப அந்தக் கண்ணில்லாதவன் நீதானா?"

ஆமாம் என்றேன். நீங்கள் போய் நீ வந்திருந்தது. வரத்தான் செய்யும்.

"ஏழு வருசமா நானும் பாக்குறேன், குல்லா போட்டுனு வர்ற, கண்ணாடி வச்சிப் பாக்குற, எழுதுற. இல்லன்னு ஒரு எழுத்து எழுத உனக்குக் கை வர்ல? எங்க வாத்தியாரு எனக்கு முட்ட போட ஒரு நாளும் யோசிச்சதில்ல சார்."

கடைசியில் சார் திரும்பி வந்துவிட்டது. பீடி தேடினார், கிடைக்கவில்லை.

"சரி வுடுங்க. ஏழும் இல்லன்னு எழுதிக் குடுத்துடுங்க."

"இரண்டு வருடம் எனக்கு நிச்சயம் இல்லை, எல்லப்பா."

"எனக்கு நிச்சயமாத் தெரியுது. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. இதுல இன்னா சார் கஷ்டம்?"

வீட்டுப் பக்கம் நடந்தேன். பின்னால் தெலுங்கில் ஏதோ சொன்னார். யாரைப் பற்றி என்று புரிந்தது.

வீட்டில் கோமதியிடமும் சொன்னேன். ஒரே நாளில் இரண்டு பேர். கோலமாவு சலித்துக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும்:

"இருந்துச்சுன்னா இத்தனைன்னு எழுதணும், இல்லன்னா பூஜ்யம் போடணும். தெரியலன்னா தெரியலன்னு எழுதிட்டுப் போங்களேன். அதுக்கு ஒரு கட்டம் இல்லியா?"

இருக்கிறது. காலிக் கட்டம். அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.


ஜன. 15, செவ்வாய், பொங்கல்

ஏழே முக்காலுக்குப் பால் பொங்கியது. மகன் புனேயிலிருந்து பேசினான். என்ன விசேஷம் என்றான். ஒன்றுமில்லை என்றேன்.

அறிக்கையை எழுதி முடித்தேன். ஒன்றரைப் பக்கம். ஐந்து வருடம் பூஜ்யம். இரண்டு வருடம் தெரியாது, காலியாகவே விடவும். தவறு என்னுடையது. மன்னிப்பு ஒரு வாக்கியம். கையெழுத்து.

கரும்பு கடிக்க முடியவில்லை.


ஜன. 16, புதன்

கூரியர் கடைகள் பூட்டு. எங்கோ எருது விடும் விழா, பஸ்களில் இளைஞர் கூட்டம், கூச்சல். நோட்டு நகல்களையும் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறி பெங்களூரு போனேன். இரண்டு மணி நேரம், பாதித் தூரம் நின்றபடி. விடுமுறையிலும் வித்யா அலுவலகத்தில். முதல் முறையாக நேரில் பார்க்கிறேன். நான் நினைத்ததைவிடச் சிறிய பெண். அறிக்கையை என் முன்னாலேயே படித்தார்.

"ரெண்டு வருசத்த ஏனுங்க சார் விட்டீங்க?"

"தெரியாது."

நிமிர்ந்து பார்த்தார். "இதக் காட்டி இயக்குநர்கிட்டப் பேச எனக்குச் சுலபமுங்க" என்றார். தெரியாததைத் தெரியாது என்று எழுதினால் மீதி ஐந்தை நம்புவார்களாம்.

திரும்பும் பஸ்ஸில் தூங்கி ஜூஜுவாடி தாண்டி விழித்தேன்.


ஜன. 17, வியாழன்

ஃபோன் வரவில்லை. மாலை வரை வீட்டிலேயே. ஆறு மணிக்கு வந்தது. தாசனேரி வரைபடத்தை எடுத்துவிட்டார்கள். ஏரியை எடுக்கவில்லை. "தரவு மீளாய்வில்" என்று ஒரு வரி மட்டும் இருக்கும்.

பாதி. நாளை கூட்டத்தில் நான் பேசித்தான் ஆக வேண்டும். இருபது வருட வேலையில் ஒரு கூட்டத்திலும் எழுந்து பேசியதில்லை. வழியனுப்பு விழாவில்கூட நன்றி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

அட்டையில் ஆறு வரி எழுதிக்கொண்டேன். கண்ணாடி முன் நின்று படித்தேன். கோமதி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள், சிரிக்கவில்லை.


ஜன. 18, வெள்ளி

கூட்டம் பத்தரைக்கு. தொடங்கியது பன்னிரண்டுக்கு. மின்விசிறி தேவையில்லாத குளிரில் மின்விசிறி சுற்றியது.

மேசைக்குப் பின்னால் தலைமை அதிகாரி, நிதானமானவர். பக்கத்தில் எழுத்தர். லாரி நிறுத்துமிடத் தரப்பின் ஆலோசகர், பெயர் பிரகாஷ், முப்பது வயதிருக்கும், நல்ல சட்டை, மடிக்கணினி. லாரி உரிமையாளர்கள் நிறையப் பேர். எங்கள் பக்கம் எல்லப்பாவும் அவர் உறவினர் நான்கு பேரும்.

பிரகாஷ் சுவரில் என் நேர்க்கோட்டைக் காட்டினார். பெரிதாக. பச்சை நிறத்தில்.

கருத்துச் சொல்ல வேண்டியவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். என் கை எழவில்லை. எல்லப்பா என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

அட்டையைப் பார்த்து ஆறு வரியையும் படித்தேன். நான்காவது வரியில் பின்வரிசையிலிருந்து "சத்தமா சொல்லு பெரிசு" என்றார்கள். மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

பிரகாஷ் மரியாதையாகத்தான் கேட்டார். "சார், ஏழு வருஷமா நீங்க குடுத்தது தப்புன்னு நீங்களே சொல்றீங்க. அப்போ இன்னிக்கு சொல்றது மட்டும் சரின்னு நாங்க எப்படி எடுத்துக்கறது?"

அட்டையில் அதற்கு வரி இல்லை.

"நியாயமான கேள்வி" என்றேன். சிரித்தார்கள். பிரகாஷும் சிரித்தார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடி எழ மாட்டேன் என்று தெரியும்.

"என்னை நம்ப வேண்டாங்க. நீங்க வந்து எண்ணுங்க. நானும் கூட நிக்கறேன். ரெண்டு பேரும் ஒத்துக்கறத மட்டும் எழுதுவோம்."

அதிகாரி எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் நாட்காட்டியைப் பார்த்தார். ஞாயிறு காலை கூட்டுக் கணக்கெடுப்பு. கிழக்குக்கும் மேற்குக்கும் தனித்தனி எண். அந்தத் தாள் வரும் வரை கோப்பு நிறுத்திவைப்பு.

வெளியே எல்லப்பா டீ வாங்கித் தந்தார். "நான் தூக்காட்டி கை ஏறியிருக்காது சார். டீயாச்சும் நீங்களே தூக்கிக் குடிங்க."


ஜன. 19, சனி

நாளைக்கான படிவம் வரைந்தேன். முன்பக்கமும் பின்பக்கமும். பயம்: நாளை பனி விலகாவிட்டால்? பிரகாஷ் எதையாவது பார்த்து இலைக்கோழி என்று சாதித்தால்? நான் பார்த்தும் தெரியாமல் போனால்? மருந்துக்கடையில் கண் சொட்டு மருந்து.


ஜன. 20, ஞாயிறு

பனி லேசு. ஏழு மணிக்கே தெளிந்தது.

நான், வித்யா, பிரகாஷ், எழுத்தர், எல்லப்பா. பிரகாஷிடம் என்னுடையதைவிட நல்ல பைனாகுலர். புதிது, பட்டையில் விலைச்சீட்டு நூல் இன்னும் தொங்கியது.

முதலில் வழக்கம்போலக் கரையிலிருந்து, ஐந்து இடம். இலைக்கோழி மேற்கில் இல்லை, கிழக்கில் இல்லை. பிரகாஷும் ஒப்புக்கொண்டார். ஆனால் "ஆகாயத்தாமரைக்கு உள்ள இருந்தா கரைலருந்து தெரியாதே சார்" என்றார். என்னுடைய பழைய சந்தேகம் அவர் வாயில். சரி, உள்ளே போவோம் என்றேன்.

எழுத்தருக்குத் தண்ணீர் பயம், கரையிலேயே நின்றுகொண்டார். மேற்கை முதலில் பரிசலில் சுற்றினோம். ஒன்றேகால் மணி நேரம். நாமக்கோழி, தாழைக்கோழி. இலைக்கோழி இல்லை.

பிறகு கிழக்கு. எல்லப்பா கழியால் ஆகாயத்தாமரையை விலக்கி விலக்கித் தள்ளினார். இருபது நிமிடம். நடுவில் ஒரு திறந்த இடம், இரண்டு வீட்டு மனை அளவு. வலை போடுவதற்காக அவர் வாரம்தோறும் களை வாரிச் சுத்தமாக வைத்திருப்பது. அல்லி இலைகள், வட்டம் வட்டமாக. நான் அதுவரை பார்த்ததே இல்லை. பன்னிரண்டு வருடம் கரையிலேயே நின்றிருக்கிறேன்.

"சார், அது என்ன? அங்க, எல மேல" என்றார் பிரகாஷ்.

பழுப்பு முதுகு. கழுத்தோரம் மங்கலான மஞ்சள், அதையொட்டி ஒரு கறுப்புக் கோடு. குளிர்காலத்தில் நீள வால் இருக்காது. விரல்கள், அத்தனை நீள விரல்கள். இலை அமிழாமல் நடந்தது. பரிசல் நெருங்கியதும் எழுந்தது, வெள்ளை இறக்கை.

எட்டு வருடம் கழித்துப் பார்க்கிறேன். முதலில் வந்தது மகிழ்ச்சி இல்லை. பயம். என் ஐந்து பூஜ்யங்களும் போயின என்ற பயம்.

"பாத்தீங்களா சார். இருக்கு. நீங்க இல்லன்னீங்க." பிரகாஷுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ஆமாம். இருக்கிறது" என்றேன்.

எல்லப்பா என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார். "வலை போடுறப்ப இது மாதிரி ஏதோ கால தொங்கவுட்டுனு பறக்கும் சார். வால் இல்லாங்காட்டி வேற எதுவோன்னு நெனச்சேன்" என்றார் மெதுவாக.

இன்னும் அரை மணி நேரம் தேடினோம். வேறில்லை. அந்த ஒன்றுதான்.

கரையில் பரிசல் மேல் தாளை வைத்து எழுதினேன். கரையிலிருந்து: மேற்கு 0, கிழக்கு 0. பரிசலிலிருந்து: மேற்கு 0, கிழக்கு 1. குறிப்பு: முந்தைய ஐந்து ஆண்டுகளின் பூஜ்யங்கள் கரையிலிருந்து மட்டும் பார்த்தவை. அதை எழுதும்போது எல்லப்பா உச்சுக்கொட்டினார்.

வித்யா மட்டும் பதறவில்லை. "முப்பத்து நாலு இருந்த எடத்துல ஒண்ணுங்க சார். கரைலருந்து பாத்தாலும் சரி, பரிசல்ல போய்ப் பாத்தாலும் சரி, இத நேர்க்கோடுன்னு யாரும் போட முடியாதுங்க."

எழுத்தர் தாளை வாங்கிச் சத்தமாகப் படித்தார். "மேற்கு ஜீரோ. கிழக்கு ஒண்ணு." நிறுத்தினார். "ஏன் சார், பறவையெல்லாம் மேற்குலதான் இருக்குன்னு நீங்கதானே ரிப்போர்ட்டுல எழுதியிருந்தீங்க?"

பிரகாஷ் தாளைக் கேட்டு வாங்கினார். படித்தார். சிரிப்பு போயிருந்தது. "ஒண்ணே ஒண்ணுதானே. இத எண்ணிக்கைல சேத்தே ஆகணுமா? பறந்து வந்த பறவையாக்கூட இருக்கலாம். இந்தக் கட்டத்தக் காலியா விட்டுடலாமே சார்."

எல்லப்பா பெரிதாக இருமினார்.

"விடக் கூடாதுங்க" என்றேன். என் குரல்தான். "பார்த்தாச்சு. பின்பக்கம் விதி இருக்கு, படிங்க."

படித்தார். கீழே கடைசி வரியில் விரல் நின்றது. முதலில் கண்டவர், பெயர், கையெழுத்து. அதில் யார் பெயர் என்று கேட்டார்.

"நீங்கதானே சார் மொதல்ல காட்டினீங்க" என்றார் எல்லப்பா. "நாங்க மூணு பேரும் சாட்சி."

எழுத்தர் மணியைப் பார்த்தார். பிரகாஷ் சட்டைப்பையைத் தடவினார். பேனா இல்லை. என்னிடம் பென்சில்தான் இருந்தது. வித்யா பேனா கொடுத்தார். தாள் காற்றில் பறக்காமல் நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். கையெழுத்திட்டார்.